குதிக்கிற பிக்கப்புக்கு இன்னொரு பட்டைதான் மருந்தா?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற நெடுஞ்சாலையில் (முன்பு 208, இப்போது 744) சேத்தூரைத் தாண்டினால் தேவதானம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலும் சாஸ்தா கோயில் அணையும் ஊருக்கு வெளியே உள்ளவர்களுக்குத் தெரிந்த அடையாளங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இன்னொரு அடையாளமும் தெரியும்: தோப்புக்கும் மண்டிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கிற பழைய பிக்கப் வண்டிகள். மாங்காய், தேங்காய், நெல் மூட்டை, உரம், செங்கல் என எது கிடைத்தாலும் ஏற்றும். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது பாருங்கள், முன்பக்கம் ஒழுங்காகப் போகும், பின்பக்கம் மட்டும் தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும்!

இந்தத் தத்தலுக்கு ஒர்க்‌ஷாப்பில் நடக்கிற உரையாடல் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"அண்ணே, பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடுதுண்ணே."

"ஷாக்க மாத்திரு தம்பி."

ஷாக்கை மாற்றுவார்கள். பத்து நாள் கழித்து அதே தம்பி அதே புகாரோடு வருவார்.

"அப்போ பட்டை வீக் ஆயிருச்சு. ஒரு பட்டை ஏத்திருவோம்."

ஒரு பட்டை கூடுதலாக ஏற்றுவார்கள். வண்டி முன்னைவிட அதிகமாகக் குதிக்கும். அதற்குப் பிறகு டிரைவர் புகார் சொல்வதை நிறுத்திவிடுவார். 'பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்' என்று பழகிக்கொள்வார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு முறை பாகம் வாங்கியாகிவிட்டது, இரண்டு முறை கூலி கொடுத்தாகிவிட்டது. ஆனால் ஒரு முறைகூட வண்டிக்கு என்ன கோளாறு என்று யாரும் பார்க்கவில்லை. மாற்றுவதற்குக் கூலி உண்டு, கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடையாது. பிக்கப் குதிக்கிற பிரச்சினை தீராமல் இருப்பதற்கு ஷாக்கோ பட்டையோ காரணம் அல்ல, இந்தப் பழக்கம்தான் காரணம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வில் வண்டிக் கணக்கு

முதலில் அடிப்படை. கட்டை வண்டியில் அச்சுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. கல்லில் சக்கரம் ஏறினால் முதுகெலும்பு வரை தெரியும். பிறகு வந்த வில் வண்டியில் நடுவே இரும்புப் பட்டைகளை வில் போல வளைத்து அடுக்கினார்கள். பேரே அதனால் வந்ததுதான். இன்றைய பிக்கப்பின் பின் அச்சிலும் அதே வில்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பட்டைக் கட்டு, நடுவில் யூ போல்ட் போட்டு அச்சோடு இறுக்கியிருக்கும். ஒரு முனை சேஸிஸில் நிலையாகவும், மறுமுனை ஷேக்கிள் என்கிற ஆடும் இணைப்பிலும் தொங்கும். பட்டை அமுங்கும்போது அதன் நீளம் கூடும், அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்குத்தான் ஷேக்கிள்.

பட்டைக்கு ஒரு குணம் உண்டு. அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும், எழுந்த வேகத்தில் மேலே போகும், மறுபடி இறங்கும். ஊஞ்சலைத் தள்ளிவிட்ட மாதிரி. அந்த ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்குவதற்குத்தான் ஷாக் அப்சார்பர். பெயர்தான் ஷாக் அப்சார்பர், உண்மையில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது பட்டை. ஷாக்கின் வேலை, வாங்கிய அதிர்ச்சியைப் பட்டை திருப்பித் திருப்பிக் கொடுக்காமல் பிடித்து நிறுத்துவது. உள்ளே இருக்கிற ஆயிலைச் சின்னத் துளை வழியாகத் தள்ளி, ஆட்டத்தைச் சூடாக மாற்றிவிடும்.

ஆக, வண்டி ஆடுவதும் குதிப்பதும் மூன்று விஷயங்களின் கூட்டுக் கணக்கு: மேலே எவ்வளவு எடை, பட்டை எவ்வளவு கடினம், ஷாக் எவ்வளவு அடக்குகிறது. இதோடு நாலாவதாக டயரையும் சேர்க்க வேண்டும். டயரும் ஒரு ஸ்பிரிங்தான், காற்று ஸ்பிரிங்!

குணமா, கோளாறா?

எல்லாக் குதிப்பும் கோளாறு அல்ல. ஒரு டன் தாங்குவதற்காகச் செய்த பட்டையின் மேல் வெறும் தகரத் தொட்டியை மட்டும் வைத்து ஓட்டினால் அது குதிக்கத்தான் செய்யும். ஒரு கணக்குப் போட்டால் விளங்கும்.

இரண்டு பக்கப் பட்டைகளும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் அமுங்க 100 கிலோ வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். காலியாக இருக்கும்போது பின் பட்டைகளின் மேல் 450 கிலோ, லோடு ஏற்றினால் 1,500 கிலோ. பிளஸ் ஒன் இயற்பியலில் வருகிற ஸ்பிரிங் சூத்திரத்தில் போட்டால், காலி வண்டியின் பின்பக்கம் விநாடிக்கு சுமார் 2.3 முறை ஆடும். லோடு வண்டி சுமார் 1.3 முறைதான் ஆடும். காலி வண்டியில் வெடுக் வெடுக்கென்ற குதிப்பு, லோடு வண்டியில் படகு மாதிரி மெதுவான தாலாட்டு. இரண்டும் ஒரே வண்டிதான்!

அதனால் டிரைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "காலியா போறப்ப குதிக்குதா, லோடோட போறப்ப குதிக்குதா?" என்பது. ஷாக் செத்துப்போன வண்டி லோடோடு போகும்போதுதான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். எடை கூடக் கூட அடக்குவதற்கு அதிக பலம் வேண்டும், அந்த பலம் ஷாக்கில் இருக்காது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் மூன்று நாலு தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். மாறாக, காலியாகப் போகும்போது மட்டும் வெடுக்கென்று தூக்கிப் போட்டு, 200 அல்லது 300 கிலோ ஏற்றியதும் சாதுவாகிவிட்டால், அங்கே ஷாக்கை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை வேறு: டயர் காற்று, இறுகிப்போன ஷேக்கிள், யாரோ முன்பு ஏற்றிவிட்டுப் போன கூடுதல் பட்டை. பழைய வண்டியை மூன்றாவது நாலாவது கையாக வாங்குபவர்களுக்கு அந்தக் கூடுதல் பட்டை இருப்பதே தெரியாது.

மூன்று மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பதற்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. ஆனால் செய்பவர்கள் எத்தனை பேர்?

எண்ணினாலே பாதி தெரியும்

இரண்டாவது கேள்வி, எவ்வளவு வேகமாகக் குதிக்கிறது? இதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். பின்னால் ஒருவர் பைக்கில் தள்ளியே வர, பின்னால் உட்கார்ந்திருப்பவர் செல்போனில் வீடியோ எடுத்தால் போதும். பிறகு மெதுவாக ஓடவிட்டு எண்ண வேண்டியதுதான்.

விநாடிக்கு ஒன்று, இரண்டு முறை தொட்டி மொத்தமும் மேலும் கீழும் போனால், அது பட்டை - ஷாக் - எடை சம்பந்தப்பட்டது. வேகத்தை மாற்றினாலும் இந்த எண்ணிக்கை பெரிதாக மாறாது.

தொட்டி பெரிதாக ஆடாமல் தடதடவென்று அடித்து, வண்டியின் வேகத்தோடு சேர்ந்து அந்தத் தடதடப்பும் கூடினால் அது டயர் அல்லது ரிம். பிக்கப் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு எட்டு சுற்று சுற்றும். டயரில் ஒரு இடத்தில் வீக்கம் இருந்தால் விநாடிக்கு எட்டு அடி விழும். 30-ல் போனால் நாலு அடி. கோளாறு சுற்றுகிற பொருளில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அடியாகவே தெரியாமல் இரைச்சலும் கிறுகிறுப்புமாக வந்தால் அது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம். கிராஸ் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். ஷாஃப்ட் சக்கரத்தைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அது குதிப்பாகத் தெரியாது, அதிர்வாகத் தெரியும்.

'டம்' என்று ஒரே அடியாகக் கேட்டால் அச்சு மேலே போய் ரப்பர் கட்டையில் இடிக்கிறது. லோடு அதிகம் அல்லது பட்டை தளர்ந்துவிட்டது என்று பொருள்.

இந்த நாலையும் பிரிக்காமல் "ஷாக்க மாத்திரு" என்று சொல்வது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமலே ஊசி போடுகிற மாதிரி.

செலவில்லாததிலிருந்து தொடங்கட்டும்

மூன்றாவது, பார்க்க வேண்டிய வரிசை. இப்போது நடக்கிற வரிசை விலை அதிகமான பாகத்திலிருந்து தொடங்குகிறது. சரியான வரிசை இதற்கு நேர் தலைகீழ்.

1. காற்று. லோடு ஏற்றுவதற்காகப் பின் டயரில் அடித்த காற்றோடு நாள் முழுக்கக் காலியாக ஓடினால் டயர் கல் மாதிரி இருக்கும். டயரையும் பட்டையையும் சேர்த்துதான் பின்பக்கத்தின் மென்மை. கம்பெனி காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் தனித்தனி அளவு சொல்லியிருந்தால் அதைக் கதவோர ஸ்டிக்கரிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ பார்த்துக்கொள்ளலாம். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

2. டயரும் ரிம்மும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது.) டயருக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடித்தால் வீக்கம், நெளிவு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ரீட்ரெட் செய்த டயரில் ஒட்டு விட்டிருக்கிறதா, ஒரு இடத்தில் மட்டும் பட்டன் தேய்ந்திருக்கிறதா, ரிம்முக்கு உள்பக்கம் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், காய்ந்த சேறு ஒரு சக்கரத்தின் பேலன்ஸைக் கெடுக்கப் போதுமானது. சந்தேகம் இருந்தால் பின் டயர்களை முன்னால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அடி முன்பக்கம் ஸ்டீரிங்குக்கு வந்துவிட்டால் குற்றவாளி கிடைத்தாயிற்று.

3. ஷேக்கிளும் புஷ்ஷும். பழைய வண்டிகளில் அதிகம் தப்பிப்போவது இதுதான். கிரீஸ் பார்த்தே பல வருடமான ஷேக்கிள் துருப்பிடித்து இறுகிவிடும். அப்புறம் பட்டை அமுங்கும்போது நீள்வதற்கு இடமில்லை. வில் இருந்தும் கட்டை வண்டிதான்! புஷ் தேய்ந்திருந்தால் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தால் ஆட்டம் தெரியும்.

4. யூ போல்ட், சென்டர் போல்ட். யூ போல்ட் தளர்ந்தால் பட்டைக் கட்டு அச்சின் மேல் நகரும். சென்டர் போல்ட் அறுந்தால் அச்சே ஒரு பக்கம் பின்வாங்கிவிடும். இரண்டு பக்கமும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பட்டை வேலை பார்த்த வண்டியில் முதல் லோடு அடித்த பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்பது பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். வண்டிக்காரர்கள்தான் திரும்பி வருவதில்லை.

5. ஷாக். காரை அமுக்கிப் பார்க்கிற மாதிரி பிக்கப்பின் பின்பக்கத்தை அமுக்கிப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும், அதனால் செத்த ஷாக்கும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். சரியான வழி, கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையால் இழுத்துத் தள்ளிப் பார்ப்பது. முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி கனமாக இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக வழுக்கினால் போயிற்று. இன்னொரு எளிய சோதனை உண்டு. கரடுமுரடான ரோட்டில் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு இரண்டு ஷாக்கையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார்ப்பது. வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும், ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்ததுதான் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

புது ஷாக் போட்டும் குதிக்கிறதென்றால் அதற்கும் காரணங்கள் உண்டு. கடையில் படுக்கையில் கிடந்த சாதாரண ஆயில் ஷாக்கை, மாட்டுவதற்கு முன் நிற்கவைத்து நாலைந்து முறை முழுசாக இழுத்து அமுக்கி உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அவசரத்தில் இது விட்டுப்போகும். நீளம் சரியில்லாத ஷாக்கும் அப்படித்தான். 'இந்த மாடலுக்கும் இதான் சேரும்' என்று கடையில் கொடுத்தது இரண்டு சென்டிமீட்டர் குட்டையாக இருந்தால், சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் இழுபட்டு இடிக்கும்.

6. பட்டை. கடைசியில்தான் இதற்கு வர வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அச்சிலிருந்து சேஸிஸ் வரை இரண்டு பக்கமும் அளந்தால் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். பட்டைகளை வயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தால் உடைசல் தெரியும். உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைப்பது வீண் வேலை. பட்டையின் உயிர் அதைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தியதில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். தளர்ந்த பட்டையை அடித்து மட்டும் வளைவு ஏற்றுவதும் அப்படித்தான், கொஞ்ச நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

இந்த ஆறையும் பார்க்க ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும். முதல் நாலில் பெரும்பாலும் வாங்க வேண்டியது கிரீஸும் சில போல்ட்டுகளும்தான்.

கூடுதல் பட்டை செய்கிற கெடுதல்

இப்போது முக்கியமான விஷயம். "ஒரு பட்டை ஏத்திரு" என்பது குதிப்புக்கான மருந்தாகச் சொல்லப்பட்டாலும், உண்மையில் அது ஓவர்லோடுக்கான ஏற்பாடு. அது குதிப்பைக் குறைக்காது, கூட்டும். பட்டை கடினமாக ஆக ஆக ஆட்டத்தின் வேகம் கூடும், அதை அடக்க ஷாக்குக்கும் கூடுதல் பலம் வேண்டும். ஷாக் பழையதேதான். மேலே சொன்ன கணக்கில் ஒரு பட்டை ஏற்றி 20 சதவீதம் கடினமாக்கினால், அதே ஷாக்கின் அடக்கும் திறன் ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. வண்டியின் பின்பக்கம் உயர்வதால் ஷாக் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் அதன் எல்லை முடிந்து 'டக்' என்று பிடிக்கும்.

அடுத்தது பிரேக். பல சரக்கு வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு சென்சிங் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து லோடு எவ்வளவு என்று அது புரிந்துகொள்ளும். லோடு அதிகம் என்றால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம், காலி என்றால் குறைந்த அழுத்தம். கூடுதல் பட்டை ஏற்றிய வண்டி முழு லோடிலும் அதிகம் அமுங்காது. வால்வு என்ன நினைக்கும்? 'வண்டியில் பாதி லோடுதான் இருக்கிறது' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதாவது, அதிக லோடு ஏற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு, அதிக லோடு இருக்கும்போதே பிரேக்கைப் பலவீனமாக்குகிறது! பிறகு வால்வையும் கம்பியை வளைத்துக் கட்டிவிடுவார்கள். காலியாக மழையில் போகும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வாலைச் சுழற்றும்.

குதிக்கிற சக்கரத்துக்கு ரோட்டில் பிடி கிடையாது. காற்றில் இருக்கிற நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, பக்கவாட்டிலும் நிற்காது. இதே 744-ஆம் நெடுஞ்சாலை செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாக மலையில் ஏறி இறங்கிக் கொல்லம் வரை போகிறது. கேரளாவுக்குக் காய்கறியும் பழமும் ஏற்றிப் போகிற வண்டி காலியாகத் திரும்புகிற வழி அது. மழை நாளில் அந்த வளைவுகளில் பின்பக்கம் தத்துகிற வண்டியை ஓட்டுவது என்ன மாதிரி வேலை என்று ஓட்டுபவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் களையெடுக்கப் போகிற பெண்களும், குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற குடும்பங்களும் எந்த வண்டியில் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் உட்கார்வது அந்தப் பின் அச்சுக்கு நேர் மேலே. டிரைவர் சீட்டில் இலேசான ஆட்டமாகத் தெரிவது அங்கே இடுப்பெலும்பில் விழுகிற அடி. பிடிக்கக் கம்பி இல்லாத ஒரு பாட்டிக்கு அந்த 'பழைய வண்டின்னா அப்படித்தான்' என்ற பதில் எதற்கு உதவும்?

மெக்கானிக் மேல் மட்டும் பழியா?

இதையெல்லாம் படித்துவிட்டு 'மெக்கானிக்குகளுக்கு ஒன்றும் தெரியாது' என்ற முடிவுக்கு யாராவது வந்தால் அது பெரிய அநியாயம். இந்த ஆறு விஷயங்களும் அனுபவமுள்ள எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். பல பேர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவார்கள். பிரச்சினை அறிவில் இல்லை, கூலியில்.

ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "தம்பி, ஷேக்கிள் இறுகியிருந்துச்சு, கிரீஸ் அடிச்சு விட்டுட்டேன், காத்தக் கொறச்சிருக்கேன், வேற ஒண்ணும் இல்ல, ஐநூறு ரூவா குடு" என்று சொன்னால் என்ன நடக்கும்? "ஒண்ணுமே மாத்தல, எதுக்கு ஐநூறு?" என்றுதான் கேட்பார்கள். அதே மெக்கானிக் இருபது நிமிடத்தில் இரண்டு ஷாக்கை மாற்றிவிட்டு அதே ஐநூறைக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பழைய ஷாக்கைக் கையில் கொடுத்தால் திருப்தியோடு வாங்கிக்கொண்டு போவார்கள். கண்ணுக்குத் தெரிகிற பாகத்துக்குத்தான் காசு, கண்ணுக்குத் தெரியாத யோசனைக்குக் காசு இல்லை என்றால் எந்த மெக்கானிக் யோசிப்பார்?

வண்டிக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாங்காய் சீசனில் ஒரு நாள் வண்டி நின்றால் அந்த நாள் வாடகை போச்சு. தவணை கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். 'காலையில் விட்டு மதியம் எடுக்கணும்' என்பதுதான் அவர் நிலைமை. அவசரத்தில் இருப்பவருக்கு மாற்றிவிடுவது சீக்கிரம் முடிகிற வேலையாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு தடவை மாற்றியும் தீராத வண்டிக்கு ஆன செலவையும் நின்ற நாளையும் கூட்டிப் பார்த்தால், சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அரை நாளை வண்டிக்குக் கொடுப்பது லாபம்தான்.

சரக்கு ஏற்றச் சொல்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு நடையில் முடிக்க வேண்டும் என்று ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன்னை ஏற்றச் சொல்வது அவர்கள்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அபராதம் கட்டுவது வண்டிக்காரர், மிச்சமான நடைக்கூலி சரக்குக்காரருக்கு! அதிக லோடு இல்லையென்றால் கூடுதல் பட்டைக்கு வேலையே இல்லை. கூடுதல் பட்டை இல்லையென்றால் பாதி வண்டிகளின் குதிப்புக்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. மூன்று சின்ன மாற்றங்கள் போதும்.

முதலாவது, ஒர்க்‌ஷாப்புகள் 'பார்ப்பதற்கு' என்று ஒரு தனிக் கூலியை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். டாக்டர் ஃபீஸ் மாதிரி. மருந்து எழுதினாலும் எழுதாவிட்டாலும் டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோமே என்று எந்த நோயாளியும் சண்டை போடுவதில்லை. வண்டிக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு மாற வேண்டும்?

இரண்டாவது, டிரைவர்கள் புகாரைச் சொல்கிற விதம் மாறலாம். "தூக்கிப் போடுது" என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல், "காலியா வர்றப்ப, நாப்பதுக்கு மேல, வலது பக்கம் அதிகமா" என்று சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதியாகக் குறையும்.

மூன்றாவது, ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் ஆட்டோமொபைல் படிக்கிறவர்கள். பரீட்சைக்காக ஸ்பிரிங் சூத்திரத்தை எழுதியவர்கள், அதே சூத்திரம் தன் ஊர் மாங்காய் வண்டிக்கு அடியில் தொங்குவதைப் பார்த்ததுண்டா? புராஜெக்ட் என்று எங்கிருந்தோ எதையோ வாங்கி வந்து காட்டுவதற்குப் பதில், ஒரு பழைய பிக்கப்பை எடுத்து, மணல் மூட்டை வைத்து, வீடியோவில் எண்ணி, காற்று குறைப்பதற்கு முன்னும் பின்னும், ஷேக்கிளுக்கு கிரீஸ் அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஆட்டம் எப்படி மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தால் எத்தனை வண்டிக்காரர்களுக்குப் பயன்படும்! மெக்கானிக்கின் காதும் மாணவரின் கணக்கும் சேர்ந்தால் வெளியே வராத கோளாறு ஒன்று இருக்க முடியுமா?

பழைய வண்டி குதிப்பது வயதினால் அல்ல. வண்டிக்குள் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது, இறுகியிருக்கிறது, அறுந்திருக்கிறது அல்லது யாரோ தேவையில்லாமல் கூட்டியிருக்கிறார்கள். அது எது என்று தெரியாமல் வாங்குகிற ஒவ்வொரு பாகமும் சூதாட்டம்தான். அடுத்த முறை ஒர்க்‌ஷாப் வாசலில் "எதை மாத்தணும்?" என்று கேட்பதற்கு முன்னால் "என்னன்னு பாருங்கண்ணே, பாக்குறதுக்குக் கூலி தர்றேன்" என்று ஒரு வண்டிக்காரர் சொன்னால், குதிப்பு அந்த இடத்திலேயே பாதி அடங்கிவிடும்.